விழுகிறவன் கை போகும் இடம்

போன வாரம் இந்த வீட்டை விட்டு நாம் வெளியே வந்தபோது, அப்பா, மகன், மருமகள் மூன்று பேரும் முகத்தை மூன்று பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இந்த வாரம் எட்டிப் பார்த்தால் அப்படியேதான் இருக்கிறார்கள். நடுவில் சாப்பிட்டிருக்கிறார்கள், குளித்திருக்கிறார்கள், சட்டை மாற்றியிருக்கிறார்கள். அப்பாவும் மகனும் பேசத்தான் இல்லை.

மறந்துபோனவர்களுக்காகச் சுருக்கமாக: பட்டறையில் புது மெஷின் வந்திருக்கிறது. அச்சு கிடையாது, அடி கிடையாது. ஒரு இரும்புக் கை, அதன் நுனியில் உருண்டையாக ஒரு விரல். சட்டத்தில் இறுக்கி வைத்த தகட்டை அந்த விரல் சுற்றிச் சுற்றித் தடவுகிறது. தடவத் தடவத் தகடு குழிந்து, கேட்ட வடிவத்துக்கு வந்துவிடுகிறது. 'தடவுற மெஷின்' என்று பட்டறைக்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். மண்டை எலும்பு உடைந்தவர்களுக்கு அளவெடுத்து வைக்கிற டைட்டானியம் தகடு அதில் செய்யலாம். ஒவ்வொருத்தர் தலையும் ஒவ்வொரு விதம். தலைக்கு ஒரு அச்சு செய்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் கொடுக்கிற கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து நின்று பார்த்த வெள்ளோட்டத்தில், பாதி மண்டை உருவாகியிருந்த நேரத்தில், பெரியவர் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்து மெஷினை நிறுத்திவிட்டார். விரல் நின்ற இடத்தில் தழும்பு விழுந்தது. தழும்புள்ள தகட்டை யார் தலைக்குள்ளும் வைக்க முடியாது.

"வேணும்னே பண்ணினீங்களாப்பா?" என்றான் மகன், எல்லார் முன்னாலும்.

"ஆமா. நான்தான் அமுக்கினேன்" என்றார் அப்பா.

"பொறாமை பிடிச்ச கிழம்" என்று மகன் முணுமுணுத்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் அது யார் காதிலும் விழுந்திருக்காது. மெஷின்தான் நின்றுவிட்டதே.

அன்று மூடிய வாய்கள்.

*

பெரியவருக்குப் பட்டறையில் பெயர் 'ரெண்டு டிகிரி'. தகட்டை வளைத்துவிட்டுக் கையை எடுத்தால், அது கொஞ்சம் பழைய நிலைக்கே திரும்பும். அதனால் தேவைக்கு மேல் சற்றுக் கூடுதலாக வளைக்க வேண்டும். "இன்னும் ரெண்டு டிகிரி வளைங்கடா" என்று நாற்பது வருஷம் கத்தியதில் ஒட்டிக்கொண்ட பெயர். மகன் கல்யாணத்தில் பெண் வீட்டுக்காரர் ஒருவர் இந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, "என்னென்ன டிகிரி சார்?" என்று பவ்யமாக விசாரித்தார். "எஸ்.எஸ்., எம்.எஸ்." என்றார் இவர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மைல்டு ஸ்டீலும் என்று தெரியாமல், கேட்டவர் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். இவரும் உட்கார்ந்துகொண்டார்.

ஒரு தடவை தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி நெளிவெடுத்துக்கொண்டிருந்தபோது, ஆள் இருப்பது தெரியாமல் மேல்மூடியைப் பற்றவைத்துவிட்டார்களாம். மறுபடி அறுத்துத் திறந்தபோது, இவர் உள்ளேயே சாப்பாட்டை முடித்து, ஒரு தூக்கமும் போட்டு, தொட்டிக்கு உள்பக்கம் ஒரு கைப்பிடியும் அடித்து வைத்திருந்தாராம். அவரே சொன்னது. கைப்பிடியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

மருமகளை அவர் 'டாக்டரம்மா' என்பார். அவள் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மாத்திரை சாப்பிடுகிறவர்களின் உடம்பை அந்த மாத்திரை என்னவெல்லாம் செய்கிறது என்று பார்த்து எழுதுவாள். இப்போது நாலைந்து வருஷமாக ஒரே ஒரு பிரஷர் மாத்திரை. தூக்கத்தில் எழுப்பினாலும் அதைப் பற்றி மூன்று மணி நேரம் பேசுவாள். அதனால் யாரும் எழுப்புவதில்லை.

அன்று காலை அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, மாமனார் அறையில் பெட்டி திறந்து கிடந்தது.

"உன் நாத்தனார் வீட்டுக்குப் போறேம்மா. சாயங்கால பஸ்."

"எத்தனை நாளைக்கு மாமா?"

"பெரிய பெட்டியாத்தான் எடுத்திருக்கேன்."

"அவர்கிட்ட சொன்னீங்களா?"

"நீ சொல்லிடு. இல்லேன்னா ரெண்டு நாள் கழிச்சு, வீட்ல யாரும் இருமலையேன்னு அவனுக்கே தெரிஞ்சுடும்."

குனிந்து பெட்டியை மூடியவர் எழுந்தார். எழுந்ததும் கதவு நிலையில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் வைத்தபடியே நின்றார்.

இது அவளுக்குப் பழகிப்போன காட்சி. இந்த வீட்டில் எந்தக் கதவு நிலை நேராக நிற்கிறது, எது அரை நூல் சாய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போகிற இடமெல்லாம் கல்லையும் மரத்தையும் தடவிப் பார்ப்பார். கொஞ்ச நாளாக அது அதிகமாகியிருந்தது, அவ்வளவுதான்.

"நிலை இன்னும் நேராத்தானே மாமா இருக்கு?" என்றாள், எதையாவது பேச வேண்டுமே என்று.

"அது நேராத்தான் இருக்கு" என்றார் பெரியவர்.

அவள் பஸ்ஸுக்கு ஓடினாள்.

*

ஆராய்ச்சி நிலையத்தில் அன்று முதலில் வந்தவள் ஒரு தையல்கார அம்மாள். வாரம் தவறாமல் வருகிறவள். படுக்க வைத்து பிரஷர் பார்க்க வேண்டும், எழுந்து நிற்கச் சொல்லி உடனே மறுபடி பார்க்க வேண்டும். அப்புறம் கேட்க வேண்டும்.

"தலை சுத்துதாம்மா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. குதிரை மாதிரி இருக்கேன்."

குதிரை மேஜை விளிம்பில் ஒரு கையை ஊன்றியிருந்தது.

"எதுக்கும்மா மேஜையைப் பிடிச்சிருக்கீங்க?"

"சும்மா. மேஜை நல்லா இருக்கே."

மருமகள் அந்தக் கையைப் பார்த்தாள். தையல்காரி துணியின் தரம் பார்த்தால் விரல் நுனியால் பார்ப்பாள். இந்தக் கை உள்ளங்கை முழுவதும் பதிந்து, விரல்கள் விரிந்து, மேஜையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

காலையில் கதவு நிலையில் இருந்ததும் இதே கைதான். தடவிப் பார்க்கிறவர் விரல் நுனியால் அல்லவா தடவுவார்?

எத்தனை மாதமாக? சமையலறை வாசலில். குளியலறைக் கதவில். பீரோ மூலையில். அவள் சொல்லி, குடும்ப டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை. இதே மாத்திரை.

"என்னம்மா முகம் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள் தையல்கார அம்மாள். "உனக்குத் தலை சுத்துதா? உட்காரு, நான் பிரஷர் பார்க்கறேன். இத்தனை நாள் பார்த்ததுல எனக்கே பார்க்க வந்துடுச்சு."

*

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, படுங்க."

"பஸ்ஸுக்கு நேரமிருக்கு. ஆனா தூங்கற அளவுக்கு இல்ல."

"படுங்கன்னா படுங்க!"

மருமகள் இப்படி அதட்டி அவர் கேட்டதில்லை. படுத்தார். அவள் பிரஷர் பார்த்தாள். நிற்கச் சொன்னாள். மறுபடி பார்த்தாள். முதலில் பார்த்த எண் மாடியில் இருந்தது. இரண்டாவது எண் மாடிப்படியில் உருண்டு கீழே கிடந்தது.

"தலை சுத்துதா மாமா?"

"தலை சரியாத்தான் இருக்கு. வீடுதான் சுத்துது."

"எப்பலேர்ந்து?"

"நீ அந்த மாத்திரையை ஆரம்பிச்சதிலேர்ந்து லேசா. கூட்டினதுக்கு அப்புறம் நல்லாவே."

"கூட்டினதா? யார் கூட்டினது?"

பெரியவர் பெட்டியிலிருந்து தீப்பெட்டி அளவில் ஒரு சாமானை எடுத்தார். பளபளவென்று, மடித்து அடித்த தகடு. நடுவில் ஒரு மெல்லிய கத்தி. மூடியை அமுக்கினால் மாத்திரை சரிபாதியாகும். தூள்கூடச் சிந்தாது.

"ஒண்ணரை போடறேன். மாத்திரை பிரஷரைக் கீழ வளைக்குது. கையை எடுத்தா அது கொஞ்சம் மேல திரும்பத்தானே செய்யும்? அதுக்குத்தான் அரை கூடுதல்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அழுகை வந்து, சிரிப்பை முந்திக்கொண்டது.

"உடம்பு தகடு இல்ல மாமா. அது அப்படியெல்லாம் திரும்பி வராது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனேம்மா."

"எப்ப?"

"நீ கம்ப்யூட்டர்ல என்னமோ தட்டிட்டிருந்தே. எழுந்தா ஒரு மாதிரியா இருக்குன்னு சொன்னேன். தண்ணி குடிங்க மாமான்னே."

அவளுக்கு ஞாபகம் வந்தது. தட்டிக்கொண்டிருந்தது என்ன என்பதும் ஞாபகம் வந்தது. எழுந்து நிற்கும்போது வருகிற தலைசுற்றலை நோயாளிகள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கூடவே இருக்கிறவர்கள்தான் கவனித்துக் கேட்க வேண்டும் என்று அன்று ஒரு பக்கம் எழுதினாள். நன்றாக வந்திருக்கிறது என்று மேலதிகாரிகூடப் பாராட்டினார்.

"குடிச்சேன்" என்றார் பெரியவர். "தண்ணி நல்லாத்தான் இருந்தது."

"மறுபடியும் சொல்லியிருக்கலாமே மாமா."

"எப்படிம்மா? அஞ்சு வருஷமா ராப்பகலா அதோட போராடறே. உன் மாத்திரையை வீட்ல இருக்கற நானே குறை சொன்னா வெளியில என்ன பேசுவாங்க? நான் அடிச்ச பாத்திரம் ஆடினப்போ, உன் மாமியார் அடியில ஒரு பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"அது என் மாத்திரை இல்ல மாமா! அதை நான் செய்யல. அதனால என்ன கெடுதல்னு கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளமே!"

பெரியவர் அவளையே பார்த்தார்.

"குறை சொல்றதுக்கா சம்பளம்?"

"ஆமா."

"அப்ப இத்தனை நாள் நான் வாயை மூடிட்டு இருந்தது தண்டமா?"

அவர் பிறகு தானாகவே வெள்ளோட்டம் நடந்த அன்றைய கதைக்கு வந்தார்.

"வேலிக் கம்பிக்கு வெளியில குத்துக்கால் போட்டு உட்கார்ந்து தகட்டோட அடிப்பக்கத்தைப் பார்த்துட்டிருந்தேன். நீ பார்த்திருக்கியா அதை? அது பாட்டுக்கு வருது. நான் காலம் பூரா தகட்டை அடிச்சு அலற வெச்சு வேலை வாங்கினேன். இது தடவிக் கொடுத்தே வாங்குது. எனக்குக் கண்ணை எடுக்க முடியல. நெத்தி மேடு வர்ற இடம் வந்தது, சரியாப் பார்க்கலாம்னு எழுந்தேன். பட்டறை தலைகீழாப் போச்சு. கை எதையோ பிடிச்சுது. பிடிச்சது சிவப்பா இருந்தது."

"அதை அங்கேயே சொல்லியிருக்கக் கூடாதா!"

"கம்பெனிக்காரங்க முன்னாடியா? தலை சுத்துற ஆளை வெச்சுக்கிட்டு மண்டைக்குத் தகடு செய்யறாங்கன்னா யாரு வாங்குவா?" தாழ்ந்த குரலில் சொன்னார். "நீயும் அவன்கிட்ட சொல்லாதேம்மா. பொறாமை பிடிச்ச கிழவன்னா, என்னிக்காவது மனசு ஆறினா உள்ள விடுவான். தலை சுத்துற கிழவன்னு தெரிஞ்சா, மெஷின் பக்கமே அண்ட விடமாட்டான். ஒரு முழு மண்டை வெளிய வர்றதை நான் பார்க்கணும்."

சொல்லாமல் இருப்பது அவளுக்கும் சௌகரியம்தான். சொன்னால் கணவன் கேட்கப்போகிற முதல் கேள்வி எது என்று அவளுக்குத் தெரியும்.

"பார்க்கலாம் மாமா" என்றாள். மேஜை மேலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. "முதல்ல அந்த மாத்திரையை இனிமே தொடாதீங்க. நான் வர்ற வரைக்கும் எங்கேயும் போகாதீங்க."

"பார்க்கலாம்மா" என்றார் அவரும்.

*

பட்டறையில் இரண்டாவது வெள்ளோட்டம் நடந்துகொண்டிருந்தது. கம்பெனிக்காரர்கள் அதே இருவர்: ஒருவர் பேசுகிறவர், இன்னொருவர் தலையாட்டுகிறவர். தலையாட்டுகிறவர் கையில்தான் முடிவு என்று பேசுகிறவரே சொல்லியிருந்தார். கம்பி வேலிக்கு அப்பால் இரும்பு விரல் எண்ணெயில் வழுக்கியபடி சுற்றிச் சுற்றி வந்தது. நெற்றி வந்துவிட்டது. நெற்றிப்பொட்டுப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

மகன் வேலியோரம் நின்றான். அவனுக்குப் பட்டறைப் பெயர் 'அரை டிகிரி'. அவன் முன்னால் யாரும் சொல்வதில்லை, அவனுக்குத் தெரியும்.

"இப்ப எதுக்கு வந்தே?" என்றான், கண்ணை எடுக்காமல்.

"உங்கப்பா அன்னிக்கு வேணும்னு மெஷினை நிறுத்தல. விழுந்துடாம இருக்கக் கையில கிடைச்சதைப் பிடிச்சார்."

"என்ன உளர்றே?"

"தலை சுத்தல். எழுந்தா பிரஷர் இறங்கிடுது. மாத்திரையால. நான் கொடுக்கச் சொன்ன மாத்திரை."

அவன் திரும்பினான்.

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் நாள் பூரா தலை சுத்துதான்னு கேக்கறே..."

"கேக்கறேன். இவரைக் கேக்கல."

இரும்பு விரல் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தது. அவன் குரல் இறங்கியது. ஆனால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. வாரம் பூராக் கோபத்தைச் சுமந்தவனுக்கு, அதைச் சட்டென்று எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

"தலை சுத்தினா கம்பியைப் பிடிக்கறது. சுவரைப் பிடிக்கறது. அதெப்படி அத்தனை இடம் இருக்கையில சரியா அந்தப் பொத்தான்ல போய்க் கை விழும்? இதோ, இங்கதானே உட்கார்ந்திருந்தார்?"

குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். "இப்படி எழுந்தார். சரி. எழுந்து, இப்படிச் சாய்ஞ்சா..."

சாய்ந்தான். கை தானாகப் போய் விழுந்தது.

மெஷின் நின்றது.

சட்டத்தில் முக்கால் மண்டை, பொட்டுப் பக்கத்தில் ஒரு தழும்போடு.

மகன் கையை எடுக்கவில்லை. பொத்தானைச் சுற்றித் தூணில் வெள்ளையாக ஒரு சாக்பீஸ் வட்டம், பாதி அழிந்து கிடந்தது. அவன் அதையே பார்த்தான்.

மெஷின் வந்திறங்கிய அன்று, மாட்ட வந்த ஆட்கள் பொத்தானைக் கண்ணுக்கு நேராக, பெரிய பலகையில் வைக்கப் பார்த்தார்கள். அப்பா விடவில்லை. "ஆபத்துல எவனும் கண்ணால தேட மாட்டான். விழறவன் கை எங்க போகுதோ அங்க வைங்க" என்றார். எங்கே போகும் என்று கேட்டதற்கு, அவனையே குத்தவைத்து, "எழுந்து விழுடா" என்றார். அவன் சிரித்துக்கொண்டே விழுந்தான். கை பட்ட இடத்தில் வட்டம் போட்டார். சரிதானா என்று அவனைத் திரும்பத் திரும்ப விழவைத்துப் பார்த்தார். பட்டறையே சிரித்தது.

"என்ன சார் இது?" என்றார் பேசுகிறவர். "உங்க குடும்பத்துல யாருக்குமே முழு மண்டை பிடிக்காதா?"

தலையாட்டுகிறவர் முதல் தடவையாக வேறு பக்கமாக ஆட்டினார்.

"நாளைக்கு வேற தகடு போட்டுத் தர்றேன் சார்" என்றான் மகன். "இப்ப எங்கப்பாவைப் பார்க்கணும்."

அவர்கள் நாளைக்கு வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. மோட்டார் பைக்கில் போகும்போது அவன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தான்.

"கிழம்னு சொல்லிட்டேன்" என்றான். காற்றில் பாதிதான் கேட்டது.

*

வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சாவி வழக்கமான இடத்தில்.

பெட்டி இல்லை. மருமகள் 'பார்க்கலாம்' என்றால் மகனிடம் சொல்லப் போகிறாள் என்று அர்த்தம் என்பது அவருக்குத் தெரியாதா? முந்தின பஸ்ஸையே பிடித்துவிட்டார். செல்போன் மேஜை மேல் கிடந்தது. அதைப் பையில் வைத்தால் அளவுகோல்கள் காந்தமாகிவிடும் என்று அவர் நம்பிக்கை, கொண்டுபோனதே இல்லை.

செல்போன் பக்கத்தில் மாத்திரை வெட்டி. அதன் பக்கத்தில் மாத்திரை அட்டை. ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை.

"நல்லதுதானே?" என்றான் கணவன். "அதனாலதானே தலை சுத்துச்சு. நிறுத்தினா சரியாயிடும்."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். *இனிமே தொடாதீங்க.* கூடுதலாகப் போட்ட அரை மாத்திரையைத்தான் நினைத்தாள். வாய் முழுசாகச் சொல்லிவிட்டது. மருமகள் தொட வேண்டாம் என்றால் மாமனார் தொடமாட்டார். இன்று காலைகூடப் போட்டிருக்க மாட்டாரோ? பயணம் போகிற அன்று மாத்திரையைத் தள்ளிப் போடுகிறவர்.

ஆராய்ச்சிக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், முதல் மாத்திரையைக் கையில் கொடுக்கும் முன்பே அவள் ஒன்று சொல்வாள். தையல்கார அம்மாளிடம் சொன்னாள். அதற்கு முன்னால் வந்த எல்லாரிடமும் சொன்னாள். வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

"இதைத் திடீர்னு நிறுத்தக் கூடாதுங்க. கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். சட்டுனு விட்டா பிரஷர் மேல ஏறும். பழைய இடத்தோட நிக்காது, அதையும் தாண்டி ஏறும். மாமா ஒண்ணரை போட்டுட்டிருந்தவர்." அவள் அந்தச் சின்னத் தகட்டுப் பெட்டியைக் கையில் எடுத்தாள். "அவர் சொன்னார். கையை எடுத்தா திரும்பி வரும்னு. நான்தான் வராதுன்னு சொன்னேன்."

கணவன் பட்டறைக்காரன். அவனுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வியைக் கேட்டான்.

"எவ்வளவு திரும்பும்?"

அஞ்சு வருஷம் அந்த மாத்திரையோடு வாழ்ந்தவள் கையிலிருந்த பெட்டியைத் திறந்தாள், மூடினாள்.

"தெரியாது. ஆளுக்கு ஆள் மாறும்."

அவன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். அவள் மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். எழுந்த வேகத்தில் வீடு லேசாகச் சுற்றியது. உள்ளங்கை முழுவதும் பதித்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பைக் உறுமியது.

அவள் கை பட்ட இடத்தில் மரம் வழவழவென்று தேய்ந்திருந்தது.